அன்புக்கு ஒரு வினைச்சொல்: பஷ்கீர் மொழியின் 'யரத்'



நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் மூன்று பேச்சுகளை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம். "சோறு ஆக்கியாயிற்றா?" என்று கேட்கிறோம். "கத்தரிக்காய் எனக்கு ஆகாது" என்கிறோம். "அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஆகாது" என்றும் சொல்கிறோம். முதற்பேச்சில் ஆக்குதல் என்றால் சமைத்தல். இரண்டாவதில் ஆகாது என்றால் உடம்பு ஏற்றுக்கொள்ளாது. மூன்றாவதில் ஆகாது என்றால் மனம் ஒத்துப்போகவில்லை. அடுப்பு, உடம்பு, உறவு ஆகிய மூன்றுக்கும் 'ஆகு' என்னும் ஒரே வேர் போதுமானதாக இருக்கிறது. ஆனால் இதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாக்கில் பழகிய சொல்லை யார்தாம் பிரித்துப் பார்க்கிறார்கள்?

பிறர் மொழிச் சொல் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், நம் சொல்லின் அருமையும் கூடவே விளங்கும். ஆகவே இன்று பஷ்கீர் என்னும் மக்கள் நாள்தோறும் வழங்கும் வினைச்சொல் ஒன்றை எடுத்துக் கொள்வோம். அந்தச் சொல் 'யரத்' என்பது. அதற்கு 'அன்பு கொள்', 'விரும்பு' என்று பொருள். அதே சொல்லுக்குப் 'படை', 'உண்டாக்கு' என்ற பொருளும் உண்டு. அன்பு கொள்வதும் படைப்பதும் எப்படி ஒரே சொல்லுக்குள் குடியேறின என்பதே இன்றைய உரையின் கேள்வி.

பஷ்கீர் மக்கள் யார், அவர்கள் நாடு எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். ரஷ்யாவின் தலைநகரான மாஸ்கோவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் சென்றால், வோல்கா ஆற்றுக்கும் ஊரல் மலைத்தொடருக்கும் இடையே ஒரு நிலப்பகுதி இருக்கிறது. அதற்குப் பஷ்கொர்தொஸ்தான் என்று பெயர். ரஷ்யக் கூட்டாட்சிக்குள் அடங்கிய குடியரசுகளில் அது ஒன்று. பரப்பளவு ஏறத்தாழ 1,43,000 சதுர கிலோமீட்டர். நம் தீபகற்ப மலேசியாவை விடச் சற்றே பெரியது. தலைநகர் ஊஃபா. அங்கே ஆண்டில் பல மாதங்கள் பனி பெய்து நிலம் வெண்மையாகக் கிடக்கும். பஷ்கீர் மக்களில் பெரும்பாலோர் இஸ்லாம் சமயத்தைச் சேர்ந்தவர்கள். முற்காலத்தில் குதிரையும் ஆடும் வளர்த்து மேய்ச்சல் நிலம் தேடி இடம் மாறியவர்கள். தேன் எடுப்பதில் பெயர் பெற்றவர்கள்.

அவர்கள் மொழி ரஷ்ய மொழியின் கிளை அன்று. அது துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழுக்கு மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவை உறவாக இருப்பதுபோல, பஷ்கீர் மொழிக்குத் தாத்தார், கசாக், கிர்கீஸ், உஸ்பெக், துருக்கி ஆகிய மொழிகள் உறவு. இவற்றுள் மிக அண்மையான உறவு பக்கத்துக் குடியரசில் வழங்கும் தாத்தார் மொழி.

இனி நம் வினைச்சொல்லுக்கு வருவோம். 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்பதைப் பஷ்கீர் மொழியில் 'மின் ஹினெ யரத்தம்' என்று சொல்வார்கள். 'மின்' என்றால் நான். 'ஹின்' என்றால் நீ; 'ஹினெ' என்றால் உன்னை. 'யரத்தம்' என்றால் நேசிக்கிறேன். சொற்கள் நிற்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் நான், பிறகு உன்னை, கடைசியில் வினைச்சொல். நம் தமிழ் வாக்கியத்தின் வரிசையும் அதுவே. வினைச்சொல்லின் உள்ளே பார்த்தாலும் அப்படித்தான். 'யரத்' என்பது வேர்; நடுவில் வரும் 'அ' நிகழ்காலம்; ஈற்றில் வரும் 'ம்' நான் என்பதைக் காட்டும் விகுதி. 'நேசி' என்ற பகுதியும், 'கிறு' என்ற இடைநிலையும், 'ஏன்' என்ற விகுதியும் சேர்ந்து 'நேசிக்கிறேன்' ஆவதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தச் சொல் தாய்க்கும் பிள்ளைக்கும், கணவனுக்கும் மனைவிக்கும் இடையே மட்டும் வழங்குவதன்று. உணவு விருப்பத்துக்கும் இதுவே சொல். 'மின் பல் யரத்தம்' என்றால் 'எனக்குத் தேன் பிடிக்கும்' என்று பொருள். இங்கே 'பல்' என்றதும் வாயிலுள்ள பல்லை எண்ணிவிட வேண்டாம். 'பஸ்' என்னும் சொல்லில் நாம் ஒலிக்கும் பகரத்தைப் போல் ஒலித்தால், அது அவர்கள் மொழியில் தேனைக் குறிக்கும். இந்தச் சொல்லுக்குப் பிறகு மீண்டும் வருவோம்.

மேலே சொன்ன 'ஹின்' என்னும் சொல்லில் பஷ்கீர் மொழியின் தனி அடையாளம் ஒன்று இருக்கிறது. தாத்தார் மொழியில் அதே வாக்கியத்தை 'மின் சினெ யரத்தம்' என்பார்கள். ஒரே ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. துருக்கியில் நீ என்பதற்குச் 'சென்' என்று பெயர். உறவு மொழிகள் சகரமாக ஒலிக்கும் பல இடங்களில் பஷ்கீர் மொழி ஹகரமாக ஒலிக்கும். தண்ணீரைத் துருக்கியர் 'சு' என்பார்கள். பஷ்கீர் மக்கள் 'ஹிவ்' என்பார்கள். இது தற்செயலாக ஓரிரு சொற்களில் நேர்ந்த மாற்றம் அன்று. ஒழுங்காக நிகழ்ந்த ஒலிமாற்றம். தமிழில் பால் என்பது கன்னடத்தில் ஹாலு. தமிழில் பூ என்பது கன்னடத்தில் ஹூவு. அங்கே பகரம் ஹகரமாயிற்று, இங்கே சகரம் ஹகரமாயிற்று. இப்படி ஒழுங்கு தவறாமல் வரும் மாற்றங்களைக் கொண்டுதான் எந்தச் சொல் எந்தச் சொல்லுக்கு உறவு என்பதை மொழியறிஞர் முடிவு செய்கிறார்கள்.

இப்பொழுது 'யரத்' என்னும் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். அதில் இரண்டு துண்டுகள் உள்ளன. முதல் துண்டு 'யர'. இரண்டாவது துண்டு கடைசியில் வரும் 'த்'. இந்த 'த்' என்ன வேலை செய்கிறது என்பதை வேறொரு சொல்லைக் கொண்டு காட்டுகிறேன். பஷ்கீர் மொழியில் 'உக்கி' என்றால் படி. அதோடு 'த்' சேர்த்து 'உக்கித்' என்றால் படிப்பி, அதாவது கற்றுக்கொடு. அங்கே பள்ளி ஆசிரியரைக் குறிக்கும் சொல்லும் இந்த 'உக்கித்' என்பதிலிருந்தே வருகிறது. தானே செய்வதைக் குறிக்கும் வினையோடு 'த்' சேர்ந்தால், பிறரைச் செய்விப்பதைக் குறிக்கும் வினை ஆகிவிடுகிறது. நம் பள்ளி இலக்கணத்தில் இவற்றைத் தன்வினை, பிறவினை என்று படிக்கிறோம். ஓடு என்பது தன்வினை, ஓட்டு என்பது பிறவினை. திருந்து என்பது தன்வினை, திருத்து என்பது பிறவினை.

அப்படியானால் 'யர' என்னும் தன்வினைக்கு என்ன பொருள்? 'பொருந்து', 'ஏற்றதாக இரு', 'பயன்படு' என்பன அதன் பொருள்கள். இந்த வினையும் பஷ்கீர் வீடுகளில் ஓயாமல் கேட்கும் சொல். பிள்ளை வெளியே போய் விளையாடட்டுமா என்று கேட்டால், தாய் 'யரய்' என்பாள். 'சரி, ஆகட்டும்' என்று பொருள். செய்யக் கூடாத ஒன்றைப் பிள்ளை செய்யப் போனால் 'யரமய்' என்பாள். 'கூடாது, ஆகாது' என்று பொருள். 'யரய்' என்பதன் நடுவே 'ம' என்னும் எழுத்து புகுந்து மறுப்பாக்கிவிட்டது. 'யரத்தம்' என்றால் நேசிக்கிறேன். 'யரத்மயிம்' என்றால் நேசிக்கவில்லை. அங்கும் அதே 'ம' நடுவே நின்று மறுக்கிறது. தமிழில் 'ஆகும்', 'ஆகாது' என்ற இணையை நாம் எந்தெந்த இடத்தில் வழங்குகிறோமோ, அந்தந்த இடங்களில் பெரும்பாலும் அவர்கள் 'யரய்', 'யரமய்' என்ற இணையை வழங்குகிறார்கள்.

வேர் தெரிந்துவிட்டது, விகுதியும் தெரிந்துவிட்டது. 'யர' என்றால் பொருந்து. 'யரத்' என்றால் பொருந்தச் செய். தமிழில் இதற்கு மிக நெருங்கிய இணை 'பொருந்து', 'பொருத்து' என்பது. பொருந்தச் செய்தல் என்ற இந்த அடிப்பொருளிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன.

முதற்கிளை கையால் செய்யும் வேலையைச் சேர்ந்தது. பால்வெட்டுக் கத்திக்குப் பிடி தளர்ந்துவிட்டால் என்ன செய்கிறோம்? ஒரு கட்டையை எடுத்துச் செதுக்கி, கத்தியின் அடிப்பாகத்துக்கு ஏற்றவாறு பொருத்துகிறோம். அதுவரையில் கட்டை கட்டையாகவும் இரும்பு இரும்பாகவும் கிடந்தன. பொருத்திய பிறகு ஒரு கருவி உண்டாயிற்று. பொருத்துவது, அமைப்பது, கட்டுவது, உண்டாக்குவது, படைப்பது என்று பொருள் படிப்படியாக உயர்ந்து செல்கிறது. இறைவன் உலகைப் படைத்தான் என்று சமயம் பற்றிப் பேசும்போது, துருக்கிய மொழிகள் பலவற்றில் இந்த வினையே வழங்குகிறது.

இரண்டாவது கிளை மனத்தைச் சேர்ந்தது. ஒன்றைப் பொருத்தமாகச் செய்வது ஒரு பொருள். ஒன்றைப் பொருத்தமானது என்று காண்பது மற்றொரு பொருள். ஒருவரைப் பார்த்து, 'இவர் ஏற்றவர்' என்று மனம் ஒப்புகிறது. ஒப்புதல் விருப்பம் ஆகிறது. விருப்பம் முற்றி அன்பு ஆகிறது. நம் குடும்பங்களில் பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் 'பொருத்தம்' பார்க்கிறோம் அல்லவா? சாதகப் பொருத்தத்தைவிட மனப்பொருத்தம் பெரிது என்று மூத்தவர்கள் சொல்வதும் உண்டு. பஷ்கீர் மொழி அந்த மனப்பொருத்தத்தையே அன்புக்கு உரிய வினைச்சொல்லாக வைத்துக்கொண்டது.

இரண்டு கிளைகளையும் சேர்த்துக் காட்ட, அவர்கள் நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். இது சொல் வழக்குக்குச் சான்று அன்று; பொருளை விளக்க நான் எடுத்துக்கொண்ட உவமை. பஷ்கொர்தொஸ்தானின் பூர்ஜான் வட்டாரத்துக் காடுகளில் காட்டுத் தேனீ வளர்ப்பு இன்றும் நடைபெறுகிறது. தேனெடுப்பவர் உயர்ந்த பைன் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். தோல்வாரைப் பின்னிச் செய்த கயிற்றால் தம்மை மரத்தோடு பிணைத்துக்கொண்டு மேலே ஏறுவார். உயிருள்ள அந்த மரத்தின் தண்டில் ஒரு பொந்து குடைவார். பிறகு காத்திருப்பார். தேனீக்களைப் பிடித்து அடைப்பதில்லை. பொந்து பொருத்தமாக இருந்தால் அவை தாமே வந்து குடியேறும். அவர் செய்தது பொருந்தச் செய்தல். தேனீ செய்தது பொருந்தியது என்று கண்டு விரும்புதல். இரண்டும் கூடினால்தான் தேன்.

உறவு மொழிகள் இந்த இரு கிளைகளையும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளவில்லை. துருக்கி மொழியில் 'யரத்' என்பதற்குப் படைத்தல் என்ற பொருள்தான் உண்டு. நேசித்தல் என்ற பொருள் அங்கே இல்லை. ஆகவே பஷ்கீர் இளைஞன் ஒருவன் துருக்கிப் பெண்ணிடம் 'யரத்தம்' என்று சொன்னால், அன்பைச் சொல்கிறான் என்று அவளுக்கு விளங்காது. எதையோ படைப்பதாகச் சொல்கிறான் என்றே எண்ணுவாள். கசாக் மொழியில் சொல்லின் முதலில் வரும் யகரம் ஜகரமாக மாறும். அங்கே இது 'ஜரத்' என்று வழங்கும். படைத்தல், விரும்புதல் என்ற இரு பொருளும் அங்கே உண்டு. பஷ்கீர், தாத்தார் மொழிகளிலோ அன்பு என்ற கிளை தழைத்து ஓங்கி, நாள்தோறும் கேட்கும் பொருளாக நின்றுவிட்டது. ஒரே தாய்வீட்டுச் சீதனத்தை உடன்பிறந்தோர் வெவ்வேறு வகையில் பயன்படுத்துவது போன்றது இது.

'யர' என்ற வேரிலிருந்து இன்னொரு வினையும் பிறந்தது. ஒருவரோடு ஒருவர் என்ற பொருளைத் தரும் 'ஷ்' என்னும் விகுதியைச் சேர்த்தால் 'யரஷ்' ஆகும். ஒருவர்க்கொருவர் பொருந்துதல், மனத்தாங்கல் நீங்கிச் சமாதானம் ஆகுதல் என்று அதற்குப் பொருள். பொருந்துதல், பொருந்தச் செய்தல், தம்முள் பொருந்திக்கொள்ளுதல் என்று ஒரு வேர் மூன்று சொற்களாகக் கிளைத்திருக்கிறது. சண்டை போட்டவர்கள் மீண்டும் கூடுவதற்கும், ஒருவரை நேசிப்பதற்கும், பிள்ளைக்கு 'ஆகட்டும்' என்று இசைவு தருவதற்கும் அவர்கள் நாவில் ஒரே வேர் ஊன்றியிருக்கிறது.

இந்தச் சொல்லின் வயது என்ன? மங்கோலியாவில் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பழைய துருக்கியக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று குல் திகின் என்னும் இளவரசனின் நினைவாக, அவன் தமையனாகிய பில்கே ககான் 732இல் எடுப்பித்தது. அந்த எழுத்தைப் படிக்கும் வழியை டென்மார்க்கு நாட்டு அறிஞர் வில்ஹெல்ம் தாம்சன் 1893இல் கண்டுபிடித்தார். நினைவு மண்டபம் கட்டுவித்த செய்தி அந்தக் கல்லில் வருகிறது. அவ்விடத்தில் நம் 'யரத்' என்னும் வினை நிற்கிறது. அங்கே அதற்குப் பொருள் அமைத்தல், கட்டுதல். பிறகு, 1072 முதல் 1074 வரையிலான ஆண்டுகளில் காஷ்கர் மஹ்மூது என்னும் அறிஞர் துருக்கிய மொழிகளுக்கு அரபு மொழியில் ஓர் அகராதி இயற்றினார். அதில் இந்த வினை படைத்தல் என்ற பொருளில் வருகிறது. பஷ்கீர் மக்களையும் துருக்கிய மக்களுள் ஒருவராக அவர் குறித்திருக்கிறார். நம் காலத்தில், 1972இல் வெளிவந்த தம் பழந்துருக்கியச் சொற்பிறப்பு அகராதியில், ஆங்கிலேய அறிஞர் ஜெரார்டு கிளாசனும் 'யரத்' என்பதை 'யர' என்னும் வேரின் பிறவினையாகவே காட்டுகிறார். ஆகவே இந்தச் சொல் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக எழுத்தில் சான்றுள்ள சொல்.

அன்புக்கு அவர்களிடம் வேறு சொற்களே இல்லையா என்றால், இருக்கின்றன. 'ஹொய்' என்று ஒரு வினை உண்டு. நேசித்தல், கொஞ்சுதல் என்று பொருள். துருக்கியில் நேசித்தலுக்கு வழங்கும் 'செவ்' என்ற வினைக்கு இது உடன்பிறப்பு. இங்கும் சகரம் ஹகரமாகியிருப்பதைப் பாருங்கள். இஸ்லாம் சமயத்தோடு அரபு மொழியிலிருந்து வந்த 'முஹப்பத்' என்ற பெயர்ச்சொல்லும் உண்டு. நம் தமிழ் முஸ்லிம் அன்பர்களுக்கு அது தெரிந்த சொல். தமிழிலும் அன்பு, காதல் ஆகியவற்றோடு நேசம் என்ற சொல்லையும் வைத்திருக்கிறோம். நேசம் என்பது 'ஸ்நேகம்' என்ற வடசொல்லின் வழி வந்தது. வடமொழியில் அதற்கு எண்ணெய்ப் பசை என்ற பொருளும் உண்டு. ஒட்டிக்கொள்வதிலிருந்து ஒரு மொழி அன்பைக் கண்டது. பொருந்துவதிலிருந்து மற்றொரு மொழி கண்டது. கண்ணால் காண முடியாத உணர்வுக்குப் பெயர் வைக்க, மனிதன் கையால் தொட்டறிந்த ஒன்றையே துணைக்கு அழைத்திருக்கிறான்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. தமிழுக்கும் பஷ்கீர் மொழிக்கும் இத்தனை ஒற்றுமை இருக்கிறதே, இரண்டும் உறவு மொழிகளோ என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படி எண்ணியவர்கள் இருந்திருக்கிறார்கள். கால்டுவெல் பாதிரியார் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், துருக்கிய மொழிகளும் அடங்கிய ஒரு பெருந்தொகுதியைச் 'சித்தியம்' என்று பெயரிட்டு, அதனோடு திராவிட மொழிகளுக்கு உறவு உண்டு என்று வாதித்தார். அந்த உறவு மெய்ப்பிக்கப்பட்டதாக இன்றைய மொழியறிஞர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. வேரோடு விகுதிகளை வரிசையாக ஒட்டிச் சொல்லாக்குவது ஒரு முறை. உலகில் பல மொழிகள் அந்த முறையைத் தனித்தனியே கைக்கொண்டுள்ளன. இரண்டு வீடுகளின் கூரை ஒரே மாதிரி இருப்பதால் இரு குடும்பமும் உறவு என்று சொல்லிவிட முடியாது.

ஒலி ஒற்றுமையும் அப்படியே. மேலே சொன்ன 'பல்' என்ற சொல்லைத் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ஒன்று தேன், மற்றது பல். எழுத்து ஒத்தது, உறவு இல்லை. ஆனால் துருக்கியரின் 'சு' என்பதும் பஷ்கீர் மக்களின் 'ஹிவ்' என்பதும் ஒலியில் விலகியிருந்தும் உடன்பிறந்த சொற்கள். தோற்றத்தைக் கண்டு உறவு கொண்டாடுவதும் வேண்டா. தோற்றம் வேறுபட்டது என்று உறவை மறுப்பதும் வேண்டா. ஒழுங்கான சான்று உண்டா என்று கேட்பதே கல்வி. 'யரத்' என்ற சொல்லும் நம் 'ஆக்கு', 'பொருத்து' என்ற சொற்களும் உறவினர் அல்லர். ஆயினும் தொலைவில் வாழும் இரு மக்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, வாழ்க்கையை ஒரே விதமாக நோக்கியிருக்கிறார்கள். அந்த வியப்பே நமக்குப் போதும்.

இனி, பொறுப்போடு எண்ண வேண்டிய ஒரு செய்தி. பஷ்கீர் மொழி 1920களின் இறுதிவரை அரபு எழுத்தில் எழுதப்பட்டது. அதன்பின் லத்தீன் எழுத்துக்கு மாற்றப்பட்டது. 1940இல் ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்துக்கு மாறியது. ரஷ்ய எழுத்துகள் 33. அவற்றோடு பஷ்கீர் ஒலிகளுக்கென 9 எழுத்துகளைச் சேர்த்து, மொத்தம் 42 எழுத்துகள் ஆயின. பன்னிரண்டு ஆண்டுக் காலத்துக்குள் ஒரே மொழி மூன்று எழுத்துகளைக் கண்டது. அரபு எழுத்தில் படித்த பாட்டனார் எழுதியதைச் சிரிலிக் எழுத்தில் படித்த பேரனால் வாசிக்க இயலாத நிலை உண்டாயிற்று. ஆயினும் 'யரய்' என்ற சொல் மாறவில்லை. 'யரத்தம்' என்ற சொல்லும் மாறவில்லை. ஏன்? பாட்டனாரும் பேரனும் ஒரே அடுப்பங்கரையில் உட்கார்ந்து அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எழுத்து மாறியும் சொல் வாழ்ந்தது வீட்டுப் பேச்சினால்தான்.

அந்த வீட்டுப் பேச்சுக்கே இப்பொழுது நெருக்கடி வந்திருக்கிறது. பஷ்கீர் மொழி அந்தக் குடியரசின் ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளியும் நாளேடும் வானொலியும் நாடகமும் அதற்கு உண்டு. ஆனால் ஊஃபா போன்ற நகரங்களில் கடையிலும் அலுவலகத்திலும் தெருவிலும் மிகுதியாகக் கேட்பது ரஷ்ய மொழி. 2010ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ரஷ்யாவில் பஷ்கீர் மக்கள் ஏறத்தாழ 15 லட்சத்து 84 ஆயிரம் பேர். அதே கணக்கில் பஷ்கீர் மொழி தெரியும் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 11 லட்சத்து 50 ஆயிரம் பேர். ஐக்கிய நாடுகளின் கல்வி அமைப்பாகிய யுனெஸ்கோ, 2010இல் வெளியிட்ட மொழிப் படத்தொகுப்பில் பஷ்கீர் மொழியை 'நலிவுறக்கூடிய மொழி' என்ற வரிசையில் வைத்தது. பிள்ளைகளில் பெரும்பாலோர் பேசினாலும், வீடு போன்ற சில இடங்களோடு அந்தப் பேச்சு ஒதுங்கிவிடக்கூடிய மொழி என்பது அதன் விளக்கம். 2018இல் ரஷ்யாவின் கல்விச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி குடியரசுகளின் மொழிகளைப் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது கட்டாயம் இல்லை. பெற்றோர் எழுதிக் கொடுக்கும் விருப்பத்தைப் பொறுத்தது.

பெற்றோரின் ஒரு கையெழுத்தில் ஒரு மொழியின் எதிர்காலம் வந்து நிற்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தத் தகப்பனும் பிள்ளையின் நன்மையைத்தான் எண்ணுகிறான். ரஷ்ய மொழி நன்றாக வந்தால் வேலை கிடைக்கும் என்று அவன் நினைப்பதில் தவறு காண முடியாது. பெரிய மொழியைப் பிள்ளை கற்கத்தான் வேண்டும். ஆனால் பெரிய மொழி உள்ளே வர, தாய்மொழி வெளியே போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டு மொழிகளையும் தாங்கும் ஆற்றல் பிள்ளையின் மூளைக்கு உண்டு. தாங்க வேண்டியது வீடுதான்.

வீட்டில் பேச்சு நின்றுவிட்டால் சொல்லுக்கு என்ன ஆகும்? அகராதியில் இருக்கும். 'யரத்: நேசி, படை' என்று ஒரு வரி இருக்கும். ஆனால் விளையாடப் போகும் பிள்ளைக்கு 'யரய்' என்று தாய் சொன்ன குரலும், கணவனும் மனைவியும் 'யரத்தம்' என்று சொல்லிக்கொண்ட குரலும், ஒரே வேரின் இரண்டு தளிர்கள் என்பதை உணரும் காது இருக்காது. விளக்கித் தெரிந்துகொள்வது வேறு. காதோடு வளர்வது வேறு. எங்கோ இருந்து நாம் விளக்கித்தான் தெரிந்துகொண்டோம். அந்தப் பிள்ளைகளுக்கு அது காதோடு கிடைத்த செல்வம்.

நேயர்களே, இந்தச் செய்தி நமக்கு அயலான ஒன்று அன்று. தோட்டத்து லயங்களில் பிறந்து, பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் கற்று, பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. மலாய் நம் நாட்டின் மொழி. அதைச் செம்மையாகக் கற்பது நம் கடமை. அதோடு, 'ஆகும்', 'ஆகாது', 'ஆக்கு', 'பொருந்து', 'பொருத்து', 'ஒத்துப்போ' என்ற சொற்கள் நம் வீட்டுக்குள் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டியதில்லை. பெரிய படிப்பும் வேண்டியதில்லை. பேச்சு ஒன்றே போதும்.

தாய்மார்களே, பெரியவர்களே, இந்த வாரம் ஒரு சிறு வேலை செய்து பாருங்கள். மாலையில் வேலை முடிந்து பிள்ளைகளோடு உட்காரும்போது, ஏதாவது ஒரு வினைச்சொல்லை எடுத்துக் கொள்ளுங்கள். 'கட்டு' என்ற சொல்லை எடுக்கலாம். வீடு கட்டுகிறோம், வேட்டி கட்டுகிறோம், பணம் கட்டுகிறோம், தாலி கட்டுகிறோம், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறோம். இவை எல்லாவற்றிலும் பொதுவாக உள்ள பொருள் என்ன என்று பிள்ளையைக் கேளுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால், அந்தக் காலத்தில் அந்தச் சொல்லை வேறு எதற்கெல்லாம் சொன்னார்கள் என்று அவரைக் கேளுங்கள். பாட்டி சொல்வதைப் பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். பாட்டியின் பேச்சுக்கு மதிப்பு உண்டு என்பதைப் பிள்ளை அன்றே கற்றுக்கொள்ளும்.

ஊரல் மலையடிவாரத்தில் பிறந்த பிள்ளைக்குத் தன் தாய் சொன்ன 'யரய்' எவ்வளவு உரியதோ, நம் பிள்ளைக்கு நாம் சொல்லும் 'ஆகட்டும்' அவ்வளவு உரியது. ஒன்றை நேசிப்பதென்றால் அதைப் பொருத்தமாக்கிக் காப்பதும்தான் என்று பஷ்கீர் மக்களின் வினைச்சொல் சொல்கிறது. தமிழை நேசிக்கிறோம் என்று மேடையில் சொல்கிறோமே, அதை நம் அன்றாட வாழ்க்கைக்குப் பொருத்தி வைத்திருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.